திருநாள் என்றைக்கு: வசந்த விழா மடல்களின் வரலாறு

திருநாள் வாழ்த்து அனுப்புகிற எவரும் அந்தத் திருநாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதை இன்று நாட்காட்டியில் பார்த்துக்கொண்டே அனுப்புகிறார். வாங்குகிறவருக்கும் அது முன்பே தெரியும். மத்தியதரைக் கடலைச் சுற்றியும் மேற்காசியாவிலும் பரவி வாழ்ந்த யூதர்களும் தொடக்கக் காலக் கிறித்தவர்களும் தங்கள் வசந்த விழாக்களைக் கொண்டாடிய நூற்றாண்டுகளில் நிலைமை அப்படி இல்லை. அவர்களுக்கு மடலின் முதற் செய்தியே நாள்தான். நாளைச் சொல்ல வந்த அந்த மடலே நலம் விசாரித்தது, யார் இறந்தார், அவர் இடத்துக்கு யார் வந்தார் என்று தெரிவித்தது, வேண்டுதலோடும் வாழ்த்தோடும் முடிந்தது. திருநாள் வாழ்த்து என்னும் வழக்கத்தின் வரலாற்றை 19ஆம் நூற்றாண்டின் அச்சிட்ட அட்டைகளிலிருந்து தொடங்கினால், அதன் உயிர்நிலையான இந்தப் பகுதி முழுவதும் விடுபட்டுப் போகும்.

நாள் ஏன் தெரியாமல் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா விழா நிசான் மாதத்தின் 14ஆம் நாள் மாலையில், அதாவது முழுநிலவை ஒட்டித் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து ஏழு நாள்கள் புளிப்பற்ற அப்பமே உண்ணப்படும். மாதங்கள் பிறையைக் கொண்டு கணக்கிடப்பட்டதால் பன்னிரண்டு மாதம் கொண்ட ஓர் ஆண்டில் 354 நாள்களே இருந்தன. சூரிய ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாள் குறைவு. இதை அப்படியே விட்டால் வசந்தத்தில் வர வேண்டிய விழா சில ஆண்டுகளில் குளிர்காலத்துக்குள் நகர்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பதின்மூன்றாவதாக ஒரு மாதம் சேர்க்கப்பட்டது. எந்த ஆண்டில் சேர்ப்பது என்பதற்கு நிலையான வாய்பாடு தொடக்கத்தில் இல்லை. எனவே தொலைவில் இருந்தவர்களுக்கு விழா எந்த மாதத்தில் வரும் என்பதுகூட, யாராவது சொல்லியனுப்பினால்தான் தெரியும்.

இவ்வகைச் செய்திப் பரிமாற்றத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள் எகிப்தின் தென்கோடியில், இன்றைய அஸ்வான் நகருக்கு எதிரே நைல் ஆற்றில் கிடக்கும் எலிபண்டைன் தீவிலிருந்து வந்தவை. பாரசீகப் பேரரசுக்காக எல்லையைக் காத்த யூதப் படைவீரர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். தங்களுக்கென ஒரு கோயிலும் வைத்திருந்தார்கள். அரமேய மொழியில் எழுதினார்கள். தாள் விலை கூடிய பொருளாக இருந்ததால் அன்றாடக் குறிப்புகளை உடைந்த பானை ஓட்டில் மையால் எழுதி அனுப்பினார்கள். அத்தகைய ஓடு ஒன்றில் ஓசாயா என்பவருக்கு எழுதிய சில வரிகள் உள்ளன. நலம் கேட்டுத் தொடங்கும் அந்தக் குறிப்பு, பிள்ளைகளின் தாய் வந்து சேரும்வரை அவர்களைக் கவனித்துக்கொள்ளும்படியும், வேறு யாரையும் நம்பி விட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறது. மாவு அரைத்தாகிவிட்டால் அவள் வரும்வரைக்கும் போதுமான அளவு பிசைந்து வைக்கச் சொல்கிறது. அதே மூச்சில், பாஸ்காவை எப்போது கொண்டாடப் போகிறீர்கள் என்று தெரிவிக்கும்படி கேட்கிறது. குழந்தை எப்படி இருக்கிறது என்று சொல்லியனுப்பும்படியும் வேண்டுகிறது. ஓர் உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஓட்டில் குழந்தையும் மாவும் திருநாளும் ஒன்றையொன்று தள்ளாமல் இடம்பெற்றிருப்பதுதான் இச்சான்றின் பெருமதிப்பு. சமயச் சட்டங்களைப் பேசும் எந்த நூலும் ஒரு குடும்பத்தின் திருநாளை இத்தனை அருகில் காட்டியதில்லை.

அதே தீவில் கிடைத்த பாப்பிரஸ் மடல் ஒன்று, நாணல் தட்டையிலிருந்து செய்த தாளில் எழுதப்பட்டது. இது அரச அலுவலின் சாயல் கொண்டது. இரண்டாம் தாரியுவின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 419ஐ ஒட்டி, அனனியா என்பவர் எலிபண்டைன் யூதர்களின் தலைவரான யெதனியாவுக்கும் அவருடைய தோழர்களுக்கும் அதை அனுப்பினார். சகோதரர்களின் நலனை நாடும் வாழ்த்தோடு அது தொடங்குகிறது. அரசரிடமிருந்து வந்த ஆணையைக் குறிப்பிட்டு, நிசான் மாதத்தின் 15 முதல் 21 வரையான நாள்களைச் சொல்லி, தூய்மையாய் இருக்கவும், வேலை செய்யாதிருக்கவும், புளித்ததை வீட்டில் வைக்காதிருக்கவும் பணிக்கிறது. தாள் பல இடங்களில் கிழிந்திருப்பதால் பாஸ்கா என்னும் சொல் எஞ்சிய பகுதியில் காணப்படவில்லை. ஆயினும் நாள்களும் விதிகளும் அதைத் தவிர வேறெதையும் சுட்ட வழியில்லை என்பதால் அறிஞர்கள் இதைப் ‘பாஸ்கா மடல்’ என்றே அழைக்கிறார்கள். முன் சொன்ன ஓடு உறவினர் உறவினருக்கு எழுதியது, இந்தத் தாள் அதிகாரம் தன் குடிகளுக்கு எழுதியது என்றாலும், இரண்டும் நலத்தில் தொடங்கி நாளுக்கு வருகின்றன.

எருசலேமில் கோயில் நிலைத்திருந்த காலத்து நடைமுறைகளை, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விரிவாகச் சொல்கிறது. புதுப்பிறையைக் கண்டவர்கள் எருசலேமுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் தங்குவதற்குப் பெரிய முற்றம் ஒன்று இருந்தது. மேலும் பலர் விரும்பி வர வேண்டும் என்பதற்காக அங்கே அவர்களுக்குச் சிறப்பாக விருந்தளிக்கப்பட்டது. சாட்சியம் ஏற்கப்பட்டதும் ஒலிவ மலையின் உச்சியில் தீ மூட்டி அசைப்பார்கள். அதைக் கண்டு சர்த்தபா மலையிலும், அடுத்தடுத்த உச்சிகளிலும் தீ எழும். பாபிலோனியாவில் சிதறி வாழ்ந்த யூதர்கள் தங்கள் கூரைகளில் பந்தம் ஏந்தி நிற்க, அந்த நாடே ஒரே நெருப்புப் படுகையாகத் தோன்றும்வரை இது தொடரும் என்று அந்நூல் வருணிக்கிறது. சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பிய பிறகு, தீக்குப் பதிலாகத் தூதர்கள் அனுப்பப்பட்டார்கள். தூதர் நடந்து சேர்வதற்குள் விழா வந்துவிடும் தொலைவில் இருந்தவர்கள், மாதம் என்று பிறந்தது என்ற ஐயத்தால் விழா நாளை இரண்டு நாளாகக் கொண்டாடினார்கள். கணக்கு உறுதிப்பட்டு எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியும், இஸ்ரேலுக்கு வெளியே வாழும் மரபு வழுவாத யூதர்கள் இந்த இரண்டாம் நாளை இன்றும் விடவில்லை. வராத தூதரின் சுவடு அது.

கூடுதல் மாதம் சேர்க்கும் முடிவு மடல் வழியாகவே சென்றது. மூத்தோர் அவைக்குத் தலைமை தாங்கிய ரபான் கமாலியேல் கோயில் மலையின் படிக்கட்டில் அமர்ந்து, எதிரே எழுத்தர் யோவானான் இருக்க, மூன்று மடல்களைச் சொல்லி எழுதச் செய்த காட்சியை, மிஷ்னாவின் விரிவுரையை உள்ளடக்கிய தல்மூது பாதுகாத்திருக்கிறது. முதலிரண்டும் உள்நாட்டுக்குப் பத்திலொரு பங்குக் காணிக்கை பற்றியவை. மூன்றாவது பாபிலோனியாவிலும் மேதியாவிலும் வாழ்ந்த சகோதரர்களுக்கு. அவர்களுடைய அமைதி என்றென்றும் பெருகட்டும் என்று வாழ்த்திவிட்டு, புறாக்குஞ்சுகள் இன்னும் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் வளரவில்லை, கதிர் முற்றவில்லை, ஆகவே இந்த ஆண்டோடு முப்பது நாள் சேர்ப்பது நலமெனப்பட்டது என்று அது காரணம் சொல்லித் தெரிவிக்கிறது. பல நூறு கல் தொலைவில், வேறொரு பேரரசின் குடிகளாய் இருந்தவர்களுக்கு யூதேயாவின் குட்டிகளும் கதிர்களும் எந்த நிலையில் உள்ளன என்று எழுதும்போது, அது வெறும் அறிவிப்பாக நிற்கவில்லை. ஊர்ச் செய்தியும் ஆகிவிடுகிறது.

கிறித்தவர்கள் இயேசுவின் உயிர்ப்பைப் பாஸ்கா காலத்தோடு இணைத்துக் கொண்டாடியதால் நாள் குறிக்கும் சிக்கலையும் மரபுரிமையாகவே பெற்றார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான ஆசிய மாநிலத்தின் திருச்சபைகள் கிழமையைப் பாராமல் நிசான் 14ஐயே கைக்கொள்ள, ரோமும் பிற திருச்சபைகளும் ஞாயிற்றுக்கிழமையை வற்புறுத்தின. ஸ்மிர்னா நகரின் முதிய ஆயர் பொலிகார்ப்பு 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமுக்குச் சென்று ஆயர் அனிசேத்துவோடு இதைப் பேசினார். ஒருவர் மற்றவரை இசையவைக்க முடியவில்லை, ஆனாலும் ஒரே பலியில் பங்குகொண்டு அமைதியாகப் பிரிந்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் ரோமின் ஆயர் விக்டர் ஆசியத் திருச்சபைகளை விலக்கிவைக்க முனைந்தபோது, எபேசு நகரின் பொலிகிராத்து அவருக்கு எழுதிய மறுமொழி சமய வாதத்தைப் போலவே குடும்ப வரலாறாகவும் அமைந்தது: தம் உறவினரில் ஏழு பேர் ஆயர்களாக இருந்தார்கள், தாம் எட்டாமவர், அவர்கள் எல்லாரும் இந்த நாளையே கைக்கொண்டார்கள் என்பது அவர் காட்டிய சான்று. லியோன் நகரின் இரேனியுஸ் விக்டரைப் பொறுமை காக்கும்படி கேட்டு எழுதினார். அதே சமயத்தில் பாலஸ்தீன ஆயர்கள், தாங்களும் அலெக்சாந்திரியாவும் ஒருவருக்கொருவர் மடல் அனுப்பி ஒரே நாளில் விழா எடுப்பதாகத் தெரிவித்தார்கள். விலக்கல் ஆணைகளின் இரைச்சலில் எளிதில் கவனத்திலிருந்து நழுவும் இந்தச் சிறு செய்தியிலிருந்துதான் அடுத்த ஐந்நூறு ஆண்டின் வழக்கம் கிளைக்கிறது.

அலெக்சாந்திரியா நகரம் வானியலுக்கும் கணிதத்துக்கும் பேர்பெற்றது என்பதால் நாள் கணிக்கும் பொறுப்பு அதன் ஆயர்களிடம் இயல்பாக வந்து சேர்ந்தது. அவர்கள் ஆண்டுதோறும் எழுதியவை ‘திருவிழா மடல்கள்’ எனப்பட்டன. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்பொறுப்பில் இருந்த தியோனீசியுஸ், வசந்தச் சம இரவு பகல் நாள் கடந்த பிறகே விழா வர வேண்டும் என்னும் விதியையும், எட்டாண்டுச் சுழற்சி ஒன்றையும் இம்மடல்களில் விளக்கினார். அவர் காலம் கொடியது. உள்நாட்டுப் போரால் நகரம் இரு கூறாகப் பிளந்துகிடந்தபோது, தம் சொந்த மந்தையிடமே மடல் வழியாகப் பேச வேண்டியிருந்தது. இஸ்ரயேலர் கடந்த பாலைநிலத்தைவிட நகரின் நடுத்தெரு கடக்க அரிதாகிவிட்டது என்று அவர் வேறொரு ஆயருக்கு எழுதினார். போர் ஓய்ந்ததும் கொள்ளைநோய் வந்தது. பிணம் விழாத வீடே இல்லாத அந்த நாள்களை மற்றவர்கள் திருவிழாவுக்கு ஏற்ற காலமாக நினைக்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டே அவர் தம் திருவிழா மடலை எழுதினார். நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தவர்கள், இறந்தவரின் கண்ணையும் வாயையும் மூடி, குளிப்பாட்டி, துணி சுற்றி, சில நாளில் தாங்களும் அவ்வாறே கிடத்தப்பட்டார்கள் என்று அவர் விவரிக்கும் பகுதி, இழவுச் செய்தியும் வாழ்த்தும் ஒரே மடலில் எப்படி நிற்க முடியும் என்பதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சங்கம் எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் உயிர்ப்பு விழாவைக் கொண்டாட வேண்டும் என்று முடிவுசெய்தது. அதற்கு மூன்றாண்டு கழித்து அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார், 373இல் இறக்கும்வரை இடையிடையே ஐந்து முறை நாடுகடத்தலுக்கும் தலைமறைவுக்கும் ஆளாகி ஏறத்தாழ 17 ஆண்டுகளை நகருக்கு வெளியே கழித்தவர். ஆயினும் இயன்ற ஆண்டுகளிலெல்லாம் மடல் எழுதினார். கிரேக்க மூலங்கள் பெரும்பாலும் அழிந்தன. எகிப்தின் நித்ரியப் பாலைநிலத்தில் சிரியத் துறவிகளின் மடத்திலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்த சிரியாக் மொழிபெயர்ப்பை வில்லியம் கியூரட்டன் 1848இல் பதிப்பித்தார். அவற்றின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது: விழாவின் பொருளைப் பேசும் நீண்ட மறையுரை, பிறகு தவக்காலம் என்று தொடங்குகிறது, புனித வாரம் என்று வருகிறது, உயிர்ப்பு ஞாயிறு எது என்பவை பாமெனோத், பார்முதி என்னும் எகிப்திய மாதங்களின் தேதிகளில், ஏழைகளை மறவாதீர்கள் என்ற நினைவூட்டல், ஒருவரையொருவர் தூய முத்தத்தால் வாழ்த்துங்கள், என்னோடிருக்கும் சகோதரர் எல்லாரும் உங்களை வாழ்த்துகிறார்கள் என்ற முடிவுரை. இடம் பிரித்தாலும் ஒரே நாளின் விழா சேர்த்துவைக்கிறது என்னும் எண்ணம் அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, எழுதியவர் நாடோடியாய் அலைந்தவர் என்பதால் வெறும் சொல்லணியாகத் தோன்றுவதில்லை.

347ஆம் ஆண்டுக்கான 19ஆம் மடலின் இறுதியில், ஊர் ஊராக, இன்னார் இறந்த இடத்துக்கு இன்னார் ஆயராக அமர்த்தப்பட்டார் என்று ஒரு பட்டியல் சேர்க்கப்பட்டுள்ளது. இனி யாருக்கு எழுதுவது, யாரிடமிருந்து பெறுவது என்பதை அறியவே அது தேவைப்பட்டது. 367ஆம் ஆண்டின் 39ஆம் மடல், புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் வரிசைப்படுத்தும் முதல் பட்டியல் என்ற வகையில் உலகப் புகழ்பெற்றது. அறிஞர் கவனமெல்லாம் 39ஆம் மடலைச் சுற்றியே நிற்பது இயற்கைதான். என்றாலும், மடல் என்ற அளவில் 19ஆவதே தன் இனத்துக்கு உண்மையாக இருக்கிறது: அது தன் மக்கள் யார் என்று எண்ணிப் பார்க்கிறது. ரோமில் தங்கியிருந்த காலத்தில் தம் நண்பர் செராப்பியோனுக்கு எழுதிய தனி மடலும் இதே தொகுதியில் உண்டு. உலகம் முழுவதும் நாற்பது நாள் நோன்பிருக்கும்போது எகிப்தியர் மட்டும் நோன்பில்லாதவர் என்று நகைப்புக்கு இடமாகிவிடக் கூடாது என்று அதில் அவர் கவலைப்படுகிறார். பிறர் ஊரில் இருந்துகொண்டு தன் ஊரின் பெயரை நினைப்பவரின் கவலை அது.

மடல் ஊர்களுக்குச் சென்ற விதத்தை ஜான் காசியன் என்னும் துறவி எழுதிவைத்திருக்கிறார். சனவரி 6இல் வரும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் அலெக்சாந்திரியாவின் ஆயர் எகிப்தின் எல்லாத் திருச்சபைகளுக்கும் மடங்களுக்கும் மடல் அனுப்புவார். அது கூடியிருப்போர் முன் வாசிக்கப்படும். 399இல் ஆயர் தியோப்பிலு அனுப்பிய மடல் நாளோடு நிற்காமல், கடவுளுக்கு மனித உருவம் உண்டென்று எண்ணுவது தவறு என்றும் கண்டித்தது. ஸ்கேத்தே பாலைநிலத்தின் குருக்களில் பப்னுத்தியு ஒருவரே அதை வாசிக்க இசைந்தார். அங்கிருந்த செராப்பியோன் என்னும் மிக முதிய துறவி விளக்கத்தைக் கேட்டு ஏற்றுக்கொண்டபின், மன்றாட எழுந்து நின்றபோது, தாம் வழக்கமாக மனத்தில் வைத்து வேண்டிய முகம் காணாமல் போனதை உணர்ந்து, என் கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்களே என்று தரையில் விழுந்து அழுதார். ஆண்டு முழுவதும் காத்திருந்து பெறும் மடல் எத்தனை ஆழமாகத் தைக்கக்கூடியது என்பதற்கு அந்த முதியவரின் அழுகையே அளவு.

ரோமும் அலெக்சாந்திரியாவும் வெவ்வேறு வாய்பாடுகளைப் பின்பற்றியதால், தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளை ஒரே விழாவுக்கு இரு நாள் குறிப்பதைப் போல, முரண்பாடு அவ்வப்போது தலைகாட்டியது. 455இல் ரோமின் கணக்கு ஏப்ரல் 17ஐயும் அலெக்சாந்திரியாவின் கணக்கு ஏப்ரல் 24ஐயும் சுட்டின. பேரரசர் மார்சியன் வழியாக விசாரித்த திருத்தந்தை முதலாம் லியோ, மனநிறைவு இல்லாமலேயே, ஒற்றுமைக்காக 24ஐ ஏற்று, கால் (இன்றைய பிரான்சுப் பகுதி), ஸ்பெயின் நாடுகளின் ஆயர்களுக்கு அதை அறிவித்து எழுதினார். 19 சூரிய ஆண்டுகளில் 235 பிறைகள் ஏறத்தாழச் சரியாக அடங்கும் என்னும் பழைய அறிவின்மேல் கட்டப்பட்ட அலெக்சாந்திரியக் கணக்கை 525இல் தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் இலத்தீனில் அட்டவணையாக்கியதும் மேற்கும் மெல்ல மெல்ல அதற்கு மாறியது. மாறாத இடங்களில் துன்பம் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது: வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரிய அரசர் ஓஸ்வியு அயர்லாந்து மரபின்படி நோன்பை முடித்து விருந்துண்ணும் நாளில், கென்ட் நாட்டு மரபில் வளர்ந்த அரசி ஏன்ஃபிளெட் தம் பரிவாரத்தோடு இன்னும் நோன்பிலிருந்து குருத்து ஞாயிறு கொண்டாடும் நிலை ஏற்பட்டதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியரான துறவி பீடு எழுதுகிறார். 664இல் விட்பி மடத்தில் கூடிய சங்கம் ரோமின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யூதர்களிடமும் நிலைத்த கணக்கு வந்தபின் பிணக்கு முற்றிலும் ஒழியவில்லை, 922ஆம் ஆண்டின் பாஸ்கா ஞாயிறா செவ்வாயா என்று பாலஸ்தீனத்தின் பென் மேயிரும் பாபிலோனியாவின் சாதியாவும் மடல்களால் மோதிக்கொண்டார்கள், பாபிலோனியா வென்றது.

அட்டவணை எல்லார் கைக்கும் வந்த பிறகு நாள் சொல்லும் மடலுக்கு வேலை இல்லை. ஆனால் மடல் நிற்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் கவனத்துக்குரியது. அரபு ஆட்சியின் கீழ் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் இரண்டாம் அலெக்சாண்டர் அனுப்பிய நீண்ட கிரேக்கத் திருவிழா மடல் பாப்பிரஸ் சுருளாகக் கிடைத்துப் பெர்லினில் பாதுகாக்கப்படுகிறது. 541இல் ஓர்லேயான் சங்கம், ஆயர்கள் திருக்காட்சி விழாவில் உயிர்ப்பு நாளை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த அறிவிப்பைப் பாடும் முறை கத்தோலிக்க வழிபாட்டில் இன்றும் உண்டு. கிழக்குத் திருச்சபைகளின் மறைமுதல்வர்கள் ஆண்டுதோறும் விழாச் சுற்றுமடல் எழுதுகிறார்கள். அவற்றில் இப்போது நாள் இல்லை, வேண்டுதலும் உலகச் செய்தியும் வாழ்த்துமே உண்டு. நாளுக்குத் துணையாக வந்தவை நாள் போன பின்னும் தங்கிவிட்டன.

அஞ்சல் மலிவானதும் இந்தப் பணி மறைமுதல்வர்களிடமிருந்து சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சலும், ஆஸ்திரிய ஹங்கேரியில் 1869இல் அஞ்சலட்டையும் வந்தன. ரஷ்யாவில் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த புனித யூஜீனியா செவிலியர் சமூகம் தன் செலவுக்காக 1898 முதல் ஓவியர்களின் படங்களோடு அட்டைகளை அச்சிட்டு விற்றது. ரஷ்ய உயிர்ப்பு விழா அட்டைகளில் முட்டை, மணி, பூத்த வில்லோக் கிளை ஆகியவற்றோடு, கிறிஸ்து உயிர்த்தார் என்னும் வாழ்த்தின் முதலெழுத்துகள் இரண்டு மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். முகமன் உரைப்பவர் அதைச் சொன்னால் கேட்பவர் மெய்யாகவே உயிர்த்தார் என்று மறுமொழி சொல்வது மரபு. விழாவின் முழுப் பொருளையும் அந்த ஈரெழுத்து சுமந்துகொண்டதால், அட்டையின் மறுபக்கம் குடும்பச் செய்திக்கு ஒழிந்தது.

நாள் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தி அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 ஆக்கியபோது கிழக்குத் திருச்சபைகள் பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை; அதனால் உயிர்ப்பு விழா பெரும்பாலான ஆண்டுகளில் இரு வேறு ஞாயிறுகளில் வருகிறது. 1997இல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய பல சபைகளின் பிரதிநிதிகள், எருசலேமின் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு வானியல் முறையில் நாளைக் கணிக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். சபைகள் அதைச் செயல்படுத்தவில்லை. நிசேயாச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டான 2025இல் இரு கணக்குகளும் ஏப்ரல் 20இல் தாமாகவே ஒன்றுகூடின. 2026க்கு மேற்கின் அட்டவணை ஏப்ரல் 5 என்றும் கிழக்கின் அட்டவணை ஏப்ரல் 12 என்றும் குறிக்கின்றன.